கல்கத்தாவில் கட்டுண்ட அநகாரிகர்

1864-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி கொழும்பில் டான் டேவிட் ஹேவாவிதாரணையாகப் பிறந்தவரே பிற்காலத்தில் அநகாரிக தர்மபாலர் என உலகம் போற்றிய பெரியார். 1891-ல் புத்தகயையின் சீர்கேட்டைக் கண்டு மனம் நொந்து, அவ்வாண்டே மகாபோதி சங்கத்தை நிறுவினார். 1893-ல் சிக்காகோ சர்வமத மகாசபையில் பேசினார். 1898-ல் கர்னல் ஆல்காட்டுடன் சென்னையில் நம் அயோத்திதாசப் பண்டிதரையும் சந்தித்தார். அநகாரிகர் என்றால் வீடற்றவர் என்பதன்றோ பொருள்? அத்தகையவரை முதல் உலகப் போர்க் காலத்தில் ஆங்கில அரசு ஐந்தாண்டுகள் ஒரே நகருக்குள் அடைத்து வைத்தது.

1915 மே மாதம், வைசாகத் திருநாளில், கண்டியில் கலகம் மூண்டது. சிங்களவர் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கினர். பகவன் பிறந்த நாளிலே அவர் பெயரைச் சொல்வோர் கை ஓங்கியது பெரும் வெட்கம். தர்மபாலரின் எழுத்திலே இருந்த கடுமையையும் நாம் மறைத்தல் ஆகாது. ஆயினும் கலகம் நடந்தபோது அவர் கல்கத்தாவில் இருந்தார். அரசோ இதனைத் தனக்கெதிரான சதி எனக் கருதி இராணுவச் சட்டம் பிறப்பித்தது. அவருடைய 'சிங்கள பௌத்தயா' பத்திரிகையைத் தடை செய்தது. வழக்கோ விசாரணையோ இன்றி, அவர் கல்கத்தாவை விட்டு நீங்கலாகாதென்று கட்டளையிட்டது. இராணுவ மன்றம் தண்டித்த அவர் தம்பி எட்மண்டு, அந்த நவம்பரிலேயே யாழ்ப்பாணச் சிறையில் நோயுற்று மாண்டார். தமையனால் முகம் காணவும் இயலவில்லை.

போருக்கு முன், கப்பற்கூலி கொடுக்க வல்லவர் பெரும்பாலும் எவர் அனுமதியும் இன்றிக் கடல் கடந்தனர். போர் வந்ததும் அந்நிலை மாறிற்று. 1915-ல் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1917-ல் அதன் கீழ் எழுந்த விதிகள் பாஸ்போர்ட்டைக் கட்டாயமாக்கின. போர் ஓய்ந்த பின்னாவது அதனை நீக்கினார்களா? இல்லை, 1920-ல் தனிச் சட்டமாகவே நிலைநிறுத்தினர். யுத்தத்தின் பெயரால் வாங்கிய உரிமையை எந்த அரசு எளிதில் திருப்பித் தந்தது!

அடைபட்ட ஆண்டுகளிலும் அவர் சோர்ந்திருக்கவில்லை. ஹொனலூலுவின் மேரி பாஸ்டர் அம்மையார் அளித்த பொருளுதவியோடு கல்கத்தாவில் தர்மராஜிக விகாரை எழுந்தது. 1920 நவம்பரில் அது திறக்கப்பெற்றபோது, ஆந்திரத்துப் பட்டிப்புரோலுவில் கிடைத்த புத்த தாதுவை அதில் வைக்குமாறு வங்காளக் கவர்னரே தம் கையால் வழங்கினார். அவரை அடைத்து வைத்ததும் அதே ஆங்கில ஆட்சிதான்.

கட்டு நீங்கிய பின் மீண்டும் இலங்கைக்கும் இங்கிலாந்துக்கும் பயணமானார். 1931-ல் சாரநாத்தில் துவராடை தரித்து, 1933 ஏப்ரல் 29-ந் தேதி அங்கேயே கண் மூடினார்.