கடுகுத் தோட்டத்தில் ஒரு மலை!

முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சீனாவில் ஒரு நாடக ஆசிரியர் இருந்தார். அவர் பெயர் லீ யூ. பணம் அவர் கையில் தங்கியதே இல்லை. ஆனால், ஒரு ஜன்னலைக் கொண்டே வீட்டுக்குள் மலையை வரவழைத்தவர் அவர்!

பரீட்சையில் தோல்வி

லீ யூ 1611-ம் ஆண்டு பிறந்தார். தந்தை மருந்து வியாபாரி. பிள்ளை பரீட்சை தேறி, சர்க்கார் அதிகாரி ஆக வேண்டும் என்பது அக்காலச் சீனக் குடும்பங்களின் ஆசை. 1639-ல் லீ யூ மாகாணப் பரீட்சை எழுதினார். தேறவில்லை. 1644-ல் மிங் அரச வம்சம் கவிழ்ந்தது. நாடெங்கும் போர்.

உத்தியோக ஆசையை அவர் விட்டுவிட்டார். எழுத்தையே பிழைப்பாக்கிக் கொண்டார். அவருடைய கதைகளும் நாடகங்களும் நன்றாக விற்றன. திருட்டுப் பதிப்புப் போட்டவர்களோடு மல்லுக்கு நிற்பதும் அவருக்கு ஒரு வேலையாயிற்று.

கையளவு நிலம்

பிறகு நான்ஜிங் நகரில் குடியேறினார். அங்கே அவருக்கு இருந்த இடம் சுமார் அரை ஏக்கர்தான். குடும்பத்திலோ நாற்பது பேர்! கட்டிடத்துக்கும் பாறைகளுக்கும் போக மிச்சம் கொஞ்சமே. அந்த இடத்துக்கு அவர் கடுகுத் தோட்டம் என்று பெயர் வைத்தார். கடுகுக்குள் மேரு மலை அடங்கும் என்பது பவுத்தர்களின் நம்பிக்கை.

வீட்டின் பின்னால் ஒரு செயற்கைக் குன்று எழுப்பினார். உயரம் சுமார் பத்தடி. அகலம் அதைவிடக் குறைவு. அதற்குள் பாறை, அருவி, மூங்கில், மரப்பாலம், கூரைக் குடிசை எல்லாம் இருந்தன. மூங்கில் தொப்பிக் கிழவர் என்பது லீ யூவின் புனைபெயர். அதனால் ஒரு சிற்பி, அவர் தூண்டில் போடுவதுபோல் களிமண் பொம்மை செய்து அங்கே வைத்தார்.

ஜன்னலே சித்திரம்

ஒரு நாள், அந்தக் குன்றைச் சித்திரமாகவே பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. உடனே காகிதத்தை வெட்டச் சொன்னார். ஜன்னலின் மேலும் கீழும் இரு பக்கமும், படத்துக்குக் கரை கட்டுவதுபோல் ஒட்டினார். நடுவில் ஒன்றும் இல்லை. அந்த வெற்றிடத்தில் குன்று தெரிந்தது. சுவரில் மலைப் படம் மாட்டியது போலிருந்தது!

இதற்கு ஒரு நிபந்தனையும் சொன்னார். ஜன்னலை ஒட்டி உட்காரக் கூடாது. சற்றுத் தள்ளி உட்கார வேண்டும். கிட்டே போனால் குன்றின் ஓரம் தெரிந்துவிடும். தள்ளி இருந்தால் சட்டம் ஓரத்தை மறைத்துவிடும். குன்று எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஜன்னலை மூட வேண்டிய நேரத்தில், அதே அளவுப் பலகையில் நல்ல ஓவியம் ஒட்டிப் பொருத்தச் சொன்னார்.

1669-ல் வெள்ளம் வந்தது. தோட்டத்தில் ஒரு மாதுளையும் ஒரு ஆரஞ்சு மரமும் பட்டுப்போயின. விறகாக வேண்டிய கிளைகளையே வளைந்தபடி ஜன்னல் சட்டமாக்கினார். காகிதப் பூக்களை ஒட்டினார். பட்ட மரம் பூத்து நின்றது!

நிறைவேறாத ஆசை

ஹாங்சோ ஏரியில் படகு விட்டு, அதன் இரு பக்கமும் விசிறி வடிவ ஜன்னல் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. துடுப்புப் போடப் போட, காட்சி மாறிக்கொண்டே இருக்கும். கரையில் நிற்பவர்களுக்குப் படகில் இருப்பவர்களே சித்திரமாவார்கள். ஆனால் படகு வாங்க வசதி வரவில்லை. அந்த ஜன்னலை நான்ஜிங் வீட்டு மாடியில் வைத்தார். அதன் வழியே தூரத்து மலையைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டார்.

இந்த யுக்திகளையெல்லாம் 1671-ல் வெளிவந்த தம் நூலில் எழுதினார்.

தோட்டம் போயிற்று

கடன் கழுத்தை நெரித்தது. 1677-ல் அவர் கடுகுத் தோட்டத்தை விட்டு ஹாங்சோவுக்கே திரும்பினார். 1679-ல் அவருடைய மருமகன் ஓவியம் கற்பிக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். லீ யூ முன்னுரை எழுதினார். கைவிட்டுப் போன தோட்டத்தின் பெயரே அந்த நூலுக்கு வைக்கப்பட்டது. மறு ஆண்டு, 1680-ல், லீ யூ காலமானார்.

சீனாவிலும் ஜப்பானிலும் தலைமுறை தலைமுறையாக ஓவியம் பயின்றவர்கள் அந்த நூலைப் பார்த்தே மலையும் மரமும் வரையக் கற்றார்கள்.