இரக்கம் மட்டும் போதுமா? - மேரி ரிச்மண்ட் அம்மையாரின் வாழ்க்கை

வயிற்றுவலியால் துடிக்கும் ஒருவரைக் கண்டால் யாருக்கும் இரக்கம் வரும். ஆனால் இரக்கம் இருக்கிறது என்பதற்காக நாமே கத்தியை எடுத்து அவர் வயிற்றை அறுக்கத் துணிவோமா? மாட்டோம். அதற்குப் படித்துத் தேர்ந்த டாக்டர் வேண்டும் என்போம்.

குடித்துச் சீரழியும் கணவன், பட்டினியால் வாடும் குழந்தைகள், மனம் பேதலித்த தாய் - இப்படி நொடித்துப்போன ஒரு குடும்பத்துக்கு உதவச் செல்கிறவருக்கு மட்டும் படிப்பும் பயிற்சியும் வேண்டாமா?

1897-ம் ஆண்டிலேயே இந்தக் கேள்வியைப் பலர் அறியக் கேட்டார் ஓர் அமெரிக்கப் பெண்மணி. அவர்தான் மேரி ரிச்மண்ட். இதில் ஒரு விந்தை என்னவென்றால், எல்லோருக்கும் பயிற்சி வேண்டும் என்று வாதாடிய அந்த அம்மையார் கல்லூரியில் படித்தவரே அல்ல!

பாட்டி வீட்டுப் பெண்

மேரி ரிச்மண்ட் 1861-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி இல்லினாய் மாகாணத்தில் பெல்வில் என்ற ஊரில் பிறந்தார். நினைவு தெரிவதற்குள் தாயார் காசநோயால் இறந்துவிட்டார். பால்டிமோர் நகரில் இருந்த பாட்டியும் சித்திமாரும் குழந்தையை வளர்த்தார்கள்.

பாட்டி சாதாரணப் பாட்டி அல்ல. பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று வாதாடியவர். அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் அரசியலையும் சமூகத்தையும் பற்றி ஓயாமல் பேசுவார்கள். சிறுமி மேரி ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். 11 வயது வரையில் பள்ளிக்கு அனுப்பவில்லை. கையில் அகப்பட்ட புத்தகங்களே பள்ளிக்கூடம்.

16 வயதில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்து, நியூயார்க்கில் வேலை பார்த்த சித்தியிடம் போனார். சித்தி நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பிவிட்டார். பெரிய நகரில் அந்த இளம் பெண் தன்னந்தனியாக நின்றார். பிரசுராலயம் ஒன்றில் ஓயாத வேலை, சொற்பச் சம்பளம். வறுமை என்றால் என்ன என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை, அனுபவித்தே தெரிந்துகொண்டார். உடல் நலிந்து பால்டிமோருக்கே திரும்பிக் கணக்கு எழுதிப் பிழைத்தார்.

கணக்கரிலிருந்து காரியதரிசி

1889-ம் ஆண்டில் அந்நகரின் தர்ம ஸ்தாபன சங்கத்தில் உதவிப் பொக்கிஷதாரர் வேலை கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் சங்கத்தின் பொதுக் காரியதரிசி ஆனார். சர்வகலாசாலைப் படிப்பாளிகள் அமர்ந்த நாற்காலி அது!

அந்நாளில் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று வந்தவர்கள் பெரும்பாலும் வசதி படைத்த சீமாட்டிகள். நல்ல மனம் உண்டு. நாலு வார்த்தை ஆறுதலும் சொல்வார்கள். ஆனால் கஷ்டத்தின் வேர் எது என்று கண்டுபிடிக்கும் வழி தெரியாது. மேரியும் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் அதே உதவி இன்னொரு குடும்பத்தைக் கெடுத்துவிடக்கூடும் என்பதைக் கண்டார். இன்னொன்றையும் கண்டார். பத்து ஆண்டு உழைத்து ஓர் ஊழியர் அறிந்துகொண்டது அவர் விலகியதும் அவரோடு போய்விடுகிறது. புதிதாக வருகிறவர் மீண்டும் முதலிலிருந்து தவறு செய்யத் தொடங்குகிறார். தவறுக்குப் பலியாவதோ ஏழைக் குடும்பம்!

1897-ல் டொராண்டோவில் நடந்த தர்ம ஸ்தாபனங்களின் மகாநாட்டில், இந்தப் பணிக்கென்று பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று பிரசங்கம் செய்தார். மறு ஆண்டே நியூயார்க்கில் 6 வாரக் கோடை வகுப்பு ஆரம்பமாயிற்று. அந்தச் சிறு வகுப்பே வளர்ந்து இன்று கொலம்பியா சர்வகலாசாலையின் சமூகப்பணிக் கல்லூரியாக விளங்குகிறது.

1900-ல் பிலடெல்பியா நகரச் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். மனைவி மக்களைக் கைவிட்டு ஓடும் கணவன்மாரைப் பொறுப்பேற்கச் செய்யும் சட்டத்துக்காகவும், குழந்தைத் தொழிலாளர்களைக் காக்கும் சட்டத்துக்காகவும் பாடுபட்டார். 1909-ல் நியூயார்க்கின் ரஸ்ஸல் சேஜ் ஸ்தாபனத்தில் ஒரு பிரிவின் தலைவரானார். இறுதிவரை அங்கேயே பணிபுரிந்தார்.

ஒரு பிரசங்கமும் ஒரு புத்தகமும்

1915-ல் அதே பால்டிமோரில் ஒரு மகாநாடு கூடிற்று. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் குறைகளை அம்பலப்படுத்திப் புகழ்பெற்றிருந்த ஆப்ரஹாம் பிளெக்ஸ்னர் பேசினார். சமூகப்பணி உயர்ந்த காரியம்தான். ஆனால் வைத்தியம், சட்டம் போல அது ஒரு தனித் தொழில் அல்ல, அதற்கென்று கற்றுக்கொடுக்கக்கூடிய தனி முறை கிடையாது என்பது அவர் தீர்ப்பு. கேட்டவர்கள் இடிந்துபோனார்கள்.

மேரி அம்மையார் பல ஆண்டுகளாகவே ஒரு நூலுக்குக் குறிப்புகள் சேர்த்து வந்தார். 1917-ல் வெளிவந்த அந்த நூல் 500 பக்கங்களைத் தாண்டியது. சமூக நோயறிதல் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பிளெக்ஸ்னருக்கு அதைவிட நல்ல பதில் வேறு கிடையாது.

அந்த முறை என்ன? உதவி கேட்டு வந்தவரிடம் முதலில் பொறுமையாகப் பேசு. பிறகு உறவினர், பள்ளி ஆசிரியர், வேலை கொடுத்தவர், டாக்டர் ஆகியோரிடம் விசாரி. கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, வெறும் ஊகம் எது என்று வக்கீலைப் போலப் பிரித்துப் பார். எல்லாவற்றையும் எழுதி வை. அதற்குப் பிறகே முடிவு செய். இப்படி ஒவ்வொரு படியையும் அந்த நூல் விளக்கிற்று. இதைக் கற்றுக்கொடுக்கலாம், கற்றுக்கொண்டதைச் சோதிக்கவும் செய்யலாம்.

அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. போர்முனையில் மனம் கலங்கிய வீரர்களுக்கு உதவ 1918-ல் ஸ்மித் கல்லூரியில் பெண்களுக்குப் பயிற்சி தொடங்கிற்று. மேரி அம்மையாரின் நூல் வெளிச் சூழ்நிலையைப் பார்த்த அளவுக்கு மனத்தைப் பார்க்கவில்லை என்று மனநோய்த் துறையில் உழைத்தவர்கள் குறை கூறினார்கள். 1922-ல் எழுதிய அடுத்த நூலில் அம்மையார், மனிதனின் ஆளுமையை வளர்ப்பதே இப்பணியின் நோக்கம் என்று காட்டினார். கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெல்லரை மனுஷியாக மலரச் செய்த ஆசிரியை ஆன் சலிவனின் பணியை அதற்கு உதாரணமாக எடுத்துக்கொண்டார்.

அவர் எல்லாவற்றிலும் சரியாக நடந்தார் என்று சொல்ல முடியாது. விதவைத் தாய்மாருக்கு அரசாங்கம் உதவிப் பணம் தருவதை அவர் எதிர்த்தார். ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியே ஆராயாமல் பணம் கொடுப்பது பயன் தராது என்பது அவர் எண்ணம். ஆனால் மாகாணம் மாகாணமாக அந்தச் சட்டம் வந்தது. பசித்த குழந்தை, ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்க முடியாதல்லவா?

பட்டம் வந்தது

1921-ல் ஸ்மித் கல்லூரி அவருக்குக் கௌரவ எம்.ஏ. பட்டம் அளித்தது. கல்லூரியில் படிக்காதவர், ஒரு புதிய தொழிலுக்கு விஞ்ஞான அஸ்திவாரம் இட்டதற்காகப் பெற்ற பட்டம் அது! 1928-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி புற்றுநோயால் காலமானார்.

அவர் காணாத பலன்கள் பின்னால் வந்தன. 1945-ல் அமெரிக்க மாகாணங்களில் முதலாவதாக கலிபோர்னியா சமூகப் பணியாளர்களைப் பதிவு செய்யச் சட்டம் இயற்றிற்று. 1955-ல் 7 சங்கங்கள் இணைந்து ஒரே தேசியச் சங்கமாயின. இன்று அந்நாட்டில் தாமே பொறுப்பேற்று மனநல சிகிச்சை அளிக்க விரும்பும் சமூகப் பணியாளர் எம்.ஏ.க்குச் சமமான பட்டம் பெற வேண்டும். பெரும்பாலான மாகாணங்களில் அதன்பின் சுமார் 2 ஆண்டுகள் மூத்தவர் மேற்பார்வையில் பழகி, பரீட்சையிலும் தேறினால்தான் லைசென்ஸ் கிடைக்கும்.

நமது சென்னையிலும் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சமூகப்பணிக் கல்லூரி தோன்றியது. துன்பப்படுகிறவருக்கு உதவ நல்ல மனம் அவசியம். அந்த மனத்துக்குப் பயிற்சியும் அவசியம் என்பதே மேரி ரிச்மண்ட் அம்மையார் வாழ்ந்து காட்டிய பாடம்.