தரவரிசையில் முதலிடம் இல்லை... ஆனாலும் விம்பிள்டன் சாம்பியன்: யார் இந்த ஆர்தர் ஆஷ்?

ஒவ்வொரு கிராண்ட்ஸ்லாம் நெருங்கும்போதும் அதே கேள்விகள்தான். யார் நம்பர் 1? யார் செம ஃபார்மில் இருக்கிறார்? யாருக்கு டிரா ஈஸி? திண்டிவனத்தில் ரயில் ஏறி சென்னை போய்ச் சேர்வதற்குள், செல்போனிலேயே மொத்த தரவரிசையையும் அலசிவிடலாம்.

ஆனால், தரவரிசை எல்லாவற்றையும் சொல்லிவிடுமா? இதற்கு டென்னிஸ் வரலாற்றில் கிடைக்கும் நல்ல பதில், ஆர்தர் ஆஷ். அமெரிக்க ஓபன் நடக்கும் பிரதான மைதானத்துக்கு இவர் பெயர்தான். விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற ஒரே கறுப்பின ஆண் வீரரும் இவர்தான்.

*பூங்காவில் பிறந்த ஆட்டம்*

1943 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணம், ரிச்மண்டில் பிறந்தார் ஆஷ். அப்பா, கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட புரூக் ஃபீல்டு பூங்காவின் பராமரிப்பாளர். வீடும் அந்தப் பூங்காவுக்குள்ளேயே. வாசலைத் தாண்டினால் டென்னிஸ் கோர்ட். ஆஷுக்கு 6 வயதாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். கிட்டத்தட்ட அந்தக் காலத்தில்தான் ராக்கெட் கைக்கு வந்தது.

அதே ஊரில் பைர்டு பார்க் என்றொரு பெரிய பூங்கா. அங்கே நல்ல கோர்ட்டுகள் இருந்தன. ஆனால், கறுப்பினச் சிறுவனுக்கு அங்கே ஆட அனுமதி இல்லை. பொது இடம்தான், ஆனால் எல்லோருக்கும் பொது இல்லை. நமக்கு இது தெரியாத கதை அல்ல. விழுப்புரம் அருகே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் நுழைவது தொடர்பான தகராறில், 2023 ஜூனில் கோயிலுக்கே அதிகாரிகள் சீல் வைத்தார்கள்.

ஆஷின் திறமையைப் பார்த்து அவரை வளர்த்தெடுத்தவர் டாக்டர் ராபர்ட் வால்டர் ஜான்சன். கறுப்பின வீராங்கனை ஆல்தியா கிப்சனுக்கும் வழிகாட்டியவர் இவரே. இவரது பயிற்சியில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. நடுவரோடு வாக்குவாதம் கூடவே கூடாது. பந்து கோட்டுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி விழுந்தாலும், உள்ளே விழுந்ததாக நினைத்துத் திருப்பி அடிக்க வேண்டும். கறுப்பினப் பையன் கோபப்பட்டால் அதையே சாக்காக வைத்து வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். ஆஷின் பிரபலமான நிதானம் இப்படித்தான் வந்தது.

*ஜெயித்தவருக்குப் பரிசு இல்லை!*

1963-ல் அமெரிக்க டேவிஸ் கோப்பை அணிக்குத் தேர்வான முதல் கறுப்பின வீரர் ஆனார். 1968-ல் முதல் அமெரிக்க ஓபன். ஆஷ் அப்போது ராணுவத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆடிய அமெச்சூர் வீரர். போட்டித் தரவரிசையில் 5-வது இடம். இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் டாம் ஆக்கரை 5 செட்களில் வீழ்த்தினார்.

ட்விஸ்ட் இதுதான்: அமெச்சூர் என்பதால் பரிசுப் பணத்தை அவர் வாங்க முடியாது. 14,000 டாலர் தோற்றுப்போன ஆக்கருக்குப் போனது. ஆஷுக்குக் கிடைத்தது தினப்படி 20 டாலர் மட்டும். 1970-ல் ஆஸ்திரேலிய ஓபனையும் வென்றார்.

*தரவரிசை எப்படி வந்தது?*

1973 வரை உலகத் தரவரிசை என்பது பெரும்பாலும் பத்திரிகையாளர்களும் நிபுணர்களும் போடும் பட்டியல்தான். யாரைப் போட்டிக்கு அழைப்பது என்பதில் அமைப்பாளர்களின் விருப்பு வெறுப்புக்கும் இடம் இருந்தது. இதை மாற்ற, வீரர்கள் 1972-ல் ஏ.டி.பி. சங்கத்தைத் தொடங்கினார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஆஷும் ஒருவர். 1974-ல் அதன் தலைவரும் ஆனார்.

1973 ஆகஸ்ட் 23-ல் முதல் கம்ப்யூட்டர் தரவரிசை வெளியானது. நம்பர் 1, ருமேனியாவின் இலி நஸ்டாசே. கடந்த 52 வாரப் புள்ளிகளின் சராசரிதான் அப்போதைய கணக்கு. இப்போது சராசரி இல்லை, சிறந்த முடிவுகளின் கூட்டுத்தொகை. கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தால் 2,000 புள்ளிகள். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒரு விஷயம் மாறவில்லை. தரவரிசை சொல்வது கடந்த ஓராண்டின் கதையை. நாளைய மேட்ச்சை அல்ல.

*1975: கணக்கு பொய்த்த நாள்*

அந்த ஆண்டு விம்பிள்டனில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன பெயர் ஜிம்மி கானர்ஸ். வயது 22, உலக நம்பர் 1, நடப்பு சாம்பியன். ஒரு செட்கூட இழக்காமல் இறுதிக்கு வந்தார். எதிரே ஆஷ். இன்னும் 5 நாளில் 32 வயது. போட்டித் தரவரிசையில் 6-வது இடம். அதுவரை கானர்ஸை அவர் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. போதாக்குறைக்கு, டேவிஸ் கோப்பையில் ஆடாததை விமர்சித்ததற்காக ஆஷ் மீது கானர்ஸ் அவதூறு வழக்கும் போட்டிருந்தார்.

ஆனால், ஃபார்ம் என்று பார்த்தால் ஆஷ் லேசுப்பட்டவர் இல்லை. மே மாதம் டல்லாஸில் நடந்த டபிள்யூ.சி.டி. இறுதியில் பியார்ன் போர்க்கை வென்றிருந்தார். விம்பிள்டன் காலிறுதியிலும் அதே போர்க்கை வெளியேற்றினார்.

இறுதியில் ஆஷ் செய்தது, தன் வழக்கமான ஆட்டத்தையே கைவிட்டது. கானர்ஸுக்கு வேகமான பந்து என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. அந்த வேகத்தையே கடன் வாங்கித் திருப்பி அடிப்பார். அதனால் ஆஷ் வேகமே கொடுக்கவில்லை. மெதுவான, தாழ்வான ஸ்லைஸ்கள். தலைக்கு மேலே லாப். இரு கைகளால் பேக்ஹேண்ட் ஆடும் கானர்ஸுக்கு எட்டாத அளவுக்கு அகலமான சர்வ். 6-1, 6-1, 5-7, 6-4. பிறகு கானர்ஸ் வழக்கையும் கைவிட்டார்.

அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது ஆஷுக்குக் கிடைத்தது. ஆனால், கம்ப்யூட்டர் பட்டியலில் ஆண்டு முடிவில் அவருக்கு 4-வது இடம்தான். 1976 மே மாதம் தொட்ட 2-வது இடமே அவரது உச்சம். நம்பர் 1 கடைசி வரை கிடைக்கவே இல்லை.

*நிறவெறிக்கு எதிராக*

தென்னாப்பிரிக்காவில் ஆட ஆஷுக்கு முதலில் விசா மறுக்கப்பட்டது. 1973-ல் அனுமதி கிடைத்தது. பார்வையாளர்களைப் பிரித்து உட்கார வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு போய் ஆடினார். இந்தியா வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 1974 டேவிஸ் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்காவுடன் ஆட மறுத்து, கோப்பையையே விட்டுக்கொடுத்தது. சென்னையின் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த அணி அது. பின்னாளில் ஆஷும் புறக்கணிப்புதான் சரி என்ற முடிவுக்கு வந்தார். 1985-ல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகம் முன்பு போராடி கைதானார்.

*கடைசி ஆட்டம்*

1979-ல் 36 வயதில் மாரடைப்பு. அடுத்த ஆண்டே ஓய்வு. 1983-ல் இரண்டாவது இதய அறுவை சிகிச்சையின்போது ஏற்றப்பட்ட ரத்தம் மூலம் எச்.ஐ.வி. தொற்றியதாகக் கருதப்படுகிறது. 1988-ல்தான் அது தெரிய வந்தது. குடும்பத்தின் நலன் கருதி வெளியே சொல்லவில்லை. 1992-ல் ஒரு நாளிதழ் விசாரிக்கத் தொடங்கியதும், வேறு வழியின்றி ஏப்ரல் 8 அன்று தானே அறிவித்தார். ஒருவரின் நோயை அவர் விருப்பமின்றி வெளியிடலாமா என்ற விவாதம் ஊடகங்களில் பெரிதாக வெடித்தது.

அதற்குப் பிறகும் அவர் வீட்டில் முடங்கவில்லை. எய்ட்ஸ் ஒழிப்புக்காக அறக்கட்டளை தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில், ஹைட்டி அகதிகளுக்காக வெள்ளை மாளிகை முன்பு போராடி மீண்டும் கைதானார். 1993 பிப்ரவரி 6 அன்று, 49 வயதில் காலமானார்.

1997-ல் நியூயார்க் மைதானத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ரிச்மண்டிலும் 2019-ல் ஒரு முக்கியச் சாலைக்கு அவர் பெயர் வைத்தார்கள். சிறுவயதில் அவருக்கு அனுமதி மறுத்த அதே பைர்டு பார்க்குக்குப் போகும் சாலை அது.