தேர்வைக் குறுக்கு விசாரணை செய்த ஆசிரியர்: ஜார்ஜ் சான்செஸ்

இளநிலை மாணவர்களில் குறைந்தது 25 விழுக்காட்டினர் ஹிஸ்பானிக் மக்களாக இருக்கும் கல்லூரிகளை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தனி வகையாக அங்கீகரித்து, அவற்றுக்குச் சிறப்பு நிதி பெறும் தகுதியை அளிக்கிறது. ஸ்பானிய மொழி வேரும் லத்தீன் அமெரிக்கப் பின்புலமும் கொண்ட மக்களையே அங்கே ஹிஸ்பானிக் என்கிறார்கள். இருக்கைகளில் அவர்கள் அமர்ந்துவிட்டார்கள். ஆனால் அவர்களுள் ஒருவர் பாதியில் நின்றுபோகும்போது, அவரிடம் என்ன குறை என்று கேட்பதா, கற்பித்தவர் என்ன செய்தார் என்று கேட்பதா என்ற விவாதம் அந்தக் கல்லூரிகளில் இன்றும் ஓயவில்லை. இரண்டாவது கேள்வியை ஒரு கற்பித்தல் முறையாகவே வளர்த்தெடுத்தவர்களுள் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக முன்னாள் பேராசிரியர் எஸ்டெலா பென்சிமோன் முக்கியமானவர். ஆனால் அதே கேள்வியை 1930களிலேயே சான்றுகளோடு எழுப்பியவர் ஒருவர் உண்டு. அவர் ஜார்ஜ் இசிடோர் சான்செஸ்.

1906 அக்டோபர் 4 அன்று நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரில் அவர் பிறந்தார். குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதி அரிசோனாவின் சுரங்க ஊரான ஜெரோமில் கழிந்தது. 1923இல் உயர்நிலைப் பள்ளியை முடித்தவுடன், பதினாறு வயதிலேயே, ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு ஆசிரியராகச் சென்றார். அவரிடம் பயின்றவர்கள் வீட்டில் ஸ்பானியம் பேசும் ஏழைக் குழந்தைகள். பள்ளியின் மொழியோ ஆங்கிலம். வேலை பார்த்துக்கொண்டே படித்து 1930இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1931இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும், 1934இல் பெர்க்லியில் முனைவர் பட்டமும் பெற்றார்.

அக்காலத்தில் அமெரிக்க உளவியலில் நுண்ணறிவுத் தேர்வுகள் கோலோச்சின. 1916இல் ஸ்டான்ஃபோர்டு-பினே தேர்வை உருவாக்கிய லூயிஸ் டெர்மன், மெக்சிகக் குடும்பக் குழந்தைகளிடம் காணப்படும் மந்தத்தன்மை இனவழி வருவதாக இருக்கலாம் என்றும், அவர்களைத் தனி வகுப்புகளில் அமர்த்த வேண்டும் என்றும் எழுதினார். தொடர்ந்து வந்த ஆய்வாளர் பலரும் மதிப்பெண்களை அடுக்கிக்காட்டி அதே முடிவுக்கு வந்தார்கள். ஆய்விதழ்களில் அச்சான இந்த முடிவுகள் பள்ளி நிர்வாகிகளுக்கு மிக வசதியாக அமைந்தன. குழந்தைக்கு அறிவில்லை என்று அறிவியலே சொன்ன பிறகு, அந்தக் குழந்தைக்காக யார் பணம் செலவிடுவார்?

சான்செஸ் இந்தத் தேர்வுகளை வெறும் கோபத்தால் எதிர்க்கவில்லை. நல்ல வழக்கறிஞர் எதிர்த்தரப்புச் சாட்சியை விசாரிப்பதைப் போல அவற்றை விசாரித்தார். தம் முதுகலை ஆய்வில், ஸ்பானியம் பேசும் அதே குழந்தைகளுக்குக் குறிப்பிட்ட இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் தேர்வு வைத்துப் பார்த்தார். மதிப்பெண்கள் உயர்ந்தன. பிறவியிலேயே நிலைபெற்றதாகச் சொல்லப்பட்ட நுண்ணறிவு, பள்ளியும் பழக்கமும் கிடைக்கக் கிடைக்க எப்படி உயரும்? அடுத்ததாக, தேர்வில் இடம்பெற்ற ஆங்கிலச் சொற்களை, நியூ மெக்சிகோ பள்ளிகள் அக்குழந்தைகளுக்குக் கற்பிக்கத் திட்டமிட்டிருந்த சொற்பட்டியலோடு ஒப்பிட்டார். தேர்வு கேட்ட சொற்களில் பலவற்றைப் பள்ளி கற்பித்திருக்கவே இல்லை. 1932இலும் 1934இலும் வெளிவந்த அவருடைய கட்டுரைகளின் சாரம் இதுதான்: ஒரு தேர்வை எந்தக் குழந்தைகளை வைத்து அளவுப்படுத்தினார்களோ, அவர்களுக்கு வாய்த்த வாழ்வனுபவம் வாய்க்காத குழந்தையிடம் அதே தேர்வைக் கொடுத்தால், வரும் மதிப்பெண் குழந்தையின் அறிவைக் காட்டாது, பள்ளி செய்யத் தவறியதையே காட்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேர்வுகளையே ஒழித்துவிட வேண்டும் என்று அவர் கோரவில்லை. எங்கிருந்து கற்பிக்கத் தொடங்குவது என்று ஆசிரியருக்குச் சொல்லுமானால் தேர்வுக்குப் பயனுண்டு. குழந்தையை எந்த இடத்தோடு நிறுத்திவிடுவது என்று முடிவெடுக்க அதைப் பயன்படுத்துவதைத்தான் அவர் எதிர்த்தார். தகுதி, திறமை என்ற சொற்களை அன்றாடம் எதிர்கொள்ளும் நம் வாசகர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை.

1931 முதல் 1935 வரை நியூ மெக்சிகோ கல்வித் துறையில் தகவல், புள்ளியியல் பிரிவின் இயக்குநராக இருந்தார். பள்ளி நிதி மாவட்டங்களிடையே சமமாகப் பகிரப்பட வேண்டும் என்று வாதாடினார். ஸ்பானியம் பேசுவோர் மீதான மனப்பான்மையை அளக்க ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர் உருவாக்கிய வினாத்தாளைப் பள்ளிகளுக்கு அனுப்ப உதவியதால் 1933இல் பெரும் சர்ச்சையில் சிக்கினார். பதவி பறிபோகும் நிலை வந்து தப்பியது. பிறகு ரோசன்வால்ட் நிதியத்திற்காக மெக்சிகோவின் கிராமப் பள்ளிகளை ஆராய்ந்தார். வெனிசுவேலாவில் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றை நடத்தினார். தாவோஸ் மாவட்டத்து மக்களைப் பற்றிய அவருடைய நூல் 1940இல் வெளிவந்தது. 1848இல் அந்த நிலம் முறைப்படி அமெரிக்காவின் வசமானது. அங்கிருந்த மக்களைக் கல்வியற்றவர்களாகவே விட்டுவிட்டது என்று அந்நூல் புள்ளிவிவரங்களோடு குற்றம் சாட்டியது.

அதே 1940இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். கறுப்பின மாணவர்களுக்குக் கதவடைத்திருந்த பல்கலைக்கழகம் அது. 1941-42இல் லூலாக் என்னும் லத்தீன் அமெரிக்கக் குடிமக்கள் அமைப்பின் தலைவராகவும் இருந்தார். டெக்சாஸின் பல ஊர்களில் மெக்சிகப் பள்ளி என்றே தனியாக ஒன்று இருந்தது. கறுப்பினக் குழந்தைகளைப் பிரித்து வைக்கச் சட்டம் இருந்தது. மெக்சிகக் குழந்தைகளைப் பிரிக்க அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆங்கிலம் தெரியாது என்ற காரணமே போதுமானதாக இருந்தது.

இதை எதிர்த்து நடந்த டெல்காடோ வழக்கில் வழக்கறிஞர் குஸ் கார்சியாவோடு இணைந்து உழைத்தவர்களுள் சான்செஸ் முக்கியமானவர். 1948இல் கூட்டாட்சி நீதிமன்றம் பிரித்து வைத்தல் செல்லாது என்றது. ஆனால் தீர்ப்பில் ஒரு விதிவிலக்கு இருந்தது. அறிவியல் முறைப்படியான தேர்வுகளில் ஆங்கிலம் போதவில்லை என்று தெரியவரும் குழந்தைகளை, அதே வளாகத்தில், முதல் வகுப்பில் மட்டும் தனியாக அமர்த்தலாம். எந்தத் தேர்வுகளை அவர் வாழ்நாள் முழுக்க விசாரித்தாரோ, அவற்றின் பெயராலேயே கதவு மறுபடி திறந்தது. டிரிஸ்கால் என்ற ஊரின் பள்ளி நிர்வாகம் மெக்சிகக் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடக்க வகுப்புகளிலேயே தனியாக வைத்திருந்தது. ஸ்பானியமே தெரியாத, ஆங்கிலம் மட்டும் பேசிய ஒரு சிறுமியையும் மெக்சிக வகுப்பில்தான் சேர்த்தார்கள். வழக்கறிஞர் தலையிட்ட பிறகே மாற்றினார்கள். 1957இல் நீதிமன்றம் அந்த நடைமுறையைத் தடுத்தபோது இதுவும் பதிவானது. மொழி என்ற காரணம் எவ்வளவு மெய்யானது என்பதை அந்தச் சிறுமியின் இருக்கை ஒன்றே காட்டிவிட்டது.

1954 மே 3 அன்று, பிரவுன் தீர்ப்புக்கு இரண்டு வாரங்களுக்கு முன், ஹெர்னாண்டஸ் எதிர் டெக்சாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஜாக்சன் கவுண்டியில் 25 ஆண்டுகளில் ஜூரிப் பணி செய்த ஏறத்தாழ 6,000 பேரில் மெக்சிகப் பெயருடையவர் ஒருவர்கூட இல்லை. அந்த நீதிமன்ற வளாகத்திலேயே கறுப்பின ஆண்களுக்கென ஒதுக்கிய கழிப்பறையின் பலகையில் ஸ்பானியத்திலும் ஆண்கள் இங்கே என்று எழுதியிருந்தது. சட்டத்தின் பார்வையில் வெள்ளையராகவும் நடைமுறையில் தனித்து ஒதுக்கப்பட்ட வகுப்பாகவும் இம்மக்கள் இருக்கிறார்கள் என்ற வாதத்தை வடிவமைத்ததில் சான்செஸுக்கும் பங்கு உண்டு.

இந்த வாதத்தின் மறுபக்கத்தை நாம் மறைக்கக் கூடாது. நாங்களும் வெள்ளையரே, ஆகவே எங்களைப் பிரிக்கச் சட்டம் இல்லை என்று வாதிடுவது, கறுப்பின மக்களைப் பிரிக்கும் சட்டத்தைத் தொடாமலே விடுகிறது. டெல்காடோ வழக்கின் ஆவணங்களைக் கேட்டு 1948இல் தர்குட் மார்ஷல் கடிதம் எழுதியபோது, அது மொழி சார்ந்த வழக்கு என்பதால் பெரிதும் பயன்படாது என்ற பொருளில்தான் சான்செஸ் பதிலளித்தார். அது சட்ட நுணுக்கமாக இருக்கலாம். அரசியலாக அது குறுகிய பார்வையே. விலையும் கொடுக்க நேர்ந்தது. பிரவுன் தீர்ப்புக்குப் பின், டெக்சாஸ் நிர்வாகங்கள் மெக்சிகக் குழந்தைகளையும் கறுப்பினக் குழந்தைகளையும் ஒரே பள்ளியில் கலந்துவிட்டு, வெள்ளையரோடு சேர்த்துவிட்டதாகக் கணக்குக் காட்டின. 1970இல் சிஸ்னெரோஸ் வழக்கில் மெக்சிக அமெரிக்கர் தனிச் சிறுபான்மையினர் என நீதிமன்றம் ஏற்றபோதுதான் அந்த வாதம் கைவிடப்பட்டது.

அதே 1970இல் கலிபோர்னியாவில் டயானா வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. ஆங்கிலத்தில் நடத்திய நுண்ணறிவுத் தேர்வால் மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் தள்ளப்பட்ட மெக்சிகக் குழந்தைகளை அவர்களின் தாய்மொழியில் மறுபடி சோதிக்க அரசு ஒப்புக்கொண்டது. சான்செஸ் அந்தக் கருத்தை அச்சிட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1972 ஏப்ரல் 5 அன்று ஆஸ்டின் நகரில் அவர் காலமானார்.

இன்று கல்லூரி ஆசிரியர்களிடம் சமத்துவக் கற்பித்தல் என்று கேட்கப்படுபவை யாவை? தன் வகுப்பில் யார் தேறினார், யார் நின்றுபோனார் என்பதை இனவாரியாகத் தானே எண்ணிப் பார்ப்பது. பாடத்திட்டக் குறிப்பு மாணவரை மிரட்டுகிறதா, உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்கிறதா என்று வாசித்துத் திருத்துவது. தவறான விடையைக் கண்டால், அதை எங்கே கற்பித்தோம் என்று முதலில் தேடுவது. ஸ்பானியத்தைத் தடையாகக் கருதாமல் மாணவர் கொண்டுவரும் முதலாகக் கருதுவது. இவை நல்லெண்ணத்தால் மட்டும் நடந்துவிடுவதில்லை. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் நுழைவு நிலைத் தேர்வு ஒன்றை வைத்து, மதிப்பெண் குறைந்தவர்களைப் பட்டக் கணக்கில் சேராத அடிப்படைக் கணித, ஆங்கில வகுப்புகளுக்கு அனுப்பிவந்தார்கள். அங்கே சென்றவர்களில் ஹிஸ்பானிக் மாணவர் ஏராளம். பலர் பட்ட வகுப்பை எட்டவே இல்லை. 2017இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்களைக் கணக்கில் எடுக்கச் சொன்னது. நேரடியாகப் பட்ட வகுப்பில் தேற வாய்ப்பிருக்கும் மாணவரை அடிப்படை வகுப்பில் தள்ளுவதைக் கட்டுப்படுத்தியது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் கட்டடத்துக்கு 1995இல் சான்செஸின் பெயர் சூட்டப்பட்டது. ஹிஸ்பானிக் மாணவர் எண்ணிக்கையில் அந்தப் பல்கலைக்கழகம் 25 விழுக்காட்டு வரம்பை எட்டியது 2020இல்தான்.