தாகூர் தம் மாணவியருக்கு அளித்த தற்காப்பு வித்தை

வெண்தாடியும் நீண்ட அங்கியும் அணிந்த ஒரு முனிவரின் தோற்றமே இரவீந்திரநாத் தாகூர் என்றவுடன் நம்மவர் மனக்கண்ணில் எழுவதாகும். 1913 இல் நோபல் பரிசைப் பெற்ற முதல் ஆசியர், இந்தியாவினதும் பங்களாதேஷினதும் தேசிய கீதங்களை யாத்தவர் என்ற அளவிலேயே நமது பாடசாலைப் புத்தகங்களும் அவரை அறிமுகப்படுத்தி நின்றுவிடுகின்றன. அதே தாகூர் தமது அறுபத்தெட்டாவது வயதில், ஜப்பானிலிருந்து ஒரு ஜூடோ ஆசானைப் பெருஞ்செலவில் வரவழைத்து, தமது கல்விக்கூடத்துப் பெண்பிள்ளைகளையும் அவரிடம் பயில வைத்தார் என்பதை அறிந்தோர் சிலரே. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள தமிழ், முஸ்லிம் குடும்பங்களில் பெண்பிள்ளையைக் கராத்தே வகுப்புக்கு அனுப்புவதா, அது அடக்கத்துக்கு இழுக்கல்லவா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆதலால் மகாகவியின் வாழ்க்கையில் பலர் கவனியாது விட்ட இப்பகுதியை நினைவுகூர்வது பொருத்தமெனக் கருதுகிறோம்.

1861 மே 7 ஆம் திகதி கல்கத்தாவின் ஜொராசங்கோ மாளிகையில், தேவேந்திரநாத் தாகூருக்கும் சாரதா தேவிக்கும் பிறந்த பிள்ளைகளுள் இளையவர்களில் ஒருவராகத் தோன்றியவர் இரவீந்திரர். செல்வர் வீட்டுப் பிள்ளையாயினும் விடியற்காலையில் எழுந்து, ஒற்றைக் கண் பார்வையுள்ள ஒரு மல்லரிடம் மண்ணிற் புரண்டு மற்போர் பயில வேண்டியிருந்தது. மகனின் மேனி மண் பட்டுக் கறுத்துவிடுமே எனத் தாயார் கவலைப்பட்டதைக் கவிஞரே தம் இளமை நினைவுகளில் வேடிக்கையாகப் பதிந்துள்ளார். அவ்வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி என்பது கல்வியின் ஒரு பகுதி. பெண்பிள்ளைகளுக்கோ எழுத்தும் இசையும் வாய்த்தன, மண் வாய்க்கவில்லை.

ஆயினும் அக்குடும்பத்துப் பெண்கள் சாமானியர் அல்லர். தமக்கையார் சுவர்ணகுமாரி தேவி புகழ்பெற்ற நாவலாசிரியை. அவருடைய மகள் சரளா தேவி 1900 களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் வாட்போரும் சிலம்பத்தை ஒத்த லத்தி வீச்சும் கற்பிக்கும் ஒரு பயிற்சிக் களத்தையே நிறுவினார். அங்கு பயிற்சி அளிக்க அவர் அமர்த்திக்கொண்டவர் முர்தஸா என்ற முஸ்லிம் ஆசான் என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு பெண் நிறுவிய அக்களத்தில் பயின்றவர்கள் இளைஞர்களே. வித்தையைப் பெண்களின் கையிற் கொடுக்கும் காலம் இன்னும் வரவில்லை.

தாகூரின் இல்வாழ்க்கையை நோக்கினால், அவரைப் பெண் விடுதலையின் காவலராக ஒரே மூச்சில் புகழ்ந்துவிட முடியாது. 1883 இல் இருபத்திரண்டு வயதில் அவர் கைப்பிடித்த மிருணாளினி தேவி பத்து வயதளவிலான சிறுமி. இளவயதுத் திருமணத்தை விமர்சித்து 1887 இலேயே எழுதியவர், 1901 இல் மூத்த மகள் மாதுரிலதாவைப் பதினான்கு வயதிலும் அடுத்தவள் ரேணுகாவைப் பத்து வயதிலும் மணமுடித்துக் கொடுத்தார். 1907 இல் கடைசி மகள் மீராவுக்கு மணம் நிகழ்ந்தபோது அவளுக்கு வயது பதின்மூன்று. அம்மணவாழ்வு கசந்து முறிந்தது. தாம் தேடிக்கொடுத்த மணமே மகளை வருத்தியதென்ற வேதனையைத் தந்தை இறுதிவரை சுமந்தார். இதனை நாம் மறைக்க விரும்பவில்லை. பிற்காலத்தில் பிறர் வீட்டுப் பெண்பிள்ளைகளின் தைரியத்துக்காக அவர் காட்டிய அக்கறையில், தம் பிள்ளைகளுக்குச் செய்யத் தவறியதன் உறுத்தலும் கலந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

1901 டிசம்பரில் விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களுடன் சாந்திநிகேதனில் அவர் பாடசாலையைத் தொடங்கினார். மறு ஆண்டு மனைவி மறைந்தார். 1903 இல் ரேணுகாவும் 1905 இல் தந்தையாரும் 1907 இல் இளைய மகனும் அடுத்தடுத்து மாண்டனர். இத்துயரங்களுக்கிடையில் பாடசாலை வளர்ந்தது. 1905 இல் ஸானோ ஜின்னோசுகே என்ற ஜப்பானியர் அங்கு வந்து ஜுஜுத்ஸு கற்பித்தார். வங்காளத்தை மத அடிப்படையில் ஆங்கில அரசு பிரித்த ஆண்டும் அதுவே. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவர் கையில் ஒருவர் காப்புக்கயிறு கட்ட வேண்டுமெனக் கவிஞர் தாமே வீதியில் இறங்கி நடந்தார்.

1921 இல் பாடசாலை விசுவபாரதியாக விரிந்தது. பெண்பிள்ளைகள் தங்கிப் பயிலவும் ஏற்பாடாயிற்று. 1926 இல் பெண்பிள்ளைகள் மட்டுமே நடித்த நடீர் பூஜா என்ற நாடகத்தை அவர் அரங்கேற்றினார். ஓவியர் நந்தலால் போஸின் மகள் கௌரி அதில் நடனமாடினாள். கண்ணியமான குடும்பத்துப் பெண் மேடையில் ஆடுவதா என்ற முணுமுணுப்புக் கிளம்பியது. மறு ஆண்டு கல்கத்தாவில் அதே நாடகத்தை மேடையேற்றியபோது, தமக்கென்றே ஒரு துறவியின் பாத்திரத்தைப் புதிதாக எழுதிச் சேர்த்து மேடையில் அமர்ந்துகொண்டார். வருகின்ற ஏச்சு முதலில் தம்மீது விழட்டும் என்ற உபாயம் அது.

1929 இல் கனடா சென்று திரும்பும் வழியில் ஜப்பானில் தங்கியவர், ஜூடோ கலையின் தலைமை நிலையமான கொடோகனிலிருந்து ஓர் ஆசானை வேண்டினார். அவ்வாறு வந்து சேர்ந்தவரே தகாகாகி ஷின்ஸோ. கொடோகனைத் தாபித்த கானோ ஜிகோரோ 1890 களிலேயே பெண்களுக்கும் கற்பித்தவர். 1926 இல் அங்கு பெண்களுக்கெனத் தனிப்பிரிவும் உருவாகிவிட்டது. ஆகவே சாந்திநிகேதனில் நிகழவிருந்தது கவிஞரின் வெறும் கற்பனை அல்ல.

கானோ சிறுவயதில் மெலிந்த, குள்ளமான உடலினர். பெரிய பையன்களின் கையில் அடிபட்டு வருந்தியதே அவரை இவ்வித்தையின்பால் செலுத்தியது. அவர் கொடுத்த விளக்கம் எளிமையானது. எதிரியின் வலு பத்துப் பங்கு, நமது வலு ஏழு பங்கு என்க. அவன் தள்ளும்போது நாம் எதிர்த்து நின்றால் தோற்பது உறுதி. அவன் தள்ளும் திசையிலேயே நாம் பின்வாங்கினால் அவன் தன் பாரத்தாலேயே முன்னே சரிந்து நிலைகுலைவான். அக்கணத்தில் அவனிடம் எஞ்சுவது மூன்று பங்கு வலுவே; நம்மிடமோ ஏழும் குறையாதிருக்கின்றது. இதனாற்றான் உருவத்தில் சிறியவர்க்கும் இக்கலை ஏற்றதாயிற்று. எனினும் ஒரு பிற்பகற் கருத்தரங்கில் கற்று முடிக்கக்கூடிய வித்தையன்று இது. விழுவதற்கே முதலில் பழக வேண்டும். தலை தரையில் மோதாமல், கையால் தரையை அறைந்து அதிர்ச்சியைப் பரப்பி விழக் கற்பதற்கே வாரங்கள் செல்லும். கீழே விழுவோம் என்ற பயம் நீங்கியவளைப் பிடித்து வைத்திருப்பது கடினம். நம் வீடுகளில் பெண்பிள்ளைக்கு முதலில் கற்பிக்கப்படுவதோ விழாதே, ஓடாதே, உரத்துப் பேசாதே என்பதாகும்.

இலண்டனில் இதற்கு முன்மாதிரி ஒன்று இருந்தது. ஐந்தடி உயரமும் நிரம்பாத எடித் கரட் என்ற பெண்மணி, வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களுக்கு 1908 முதல் ஜுஜுத்ஸு கற்பித்தார். 1910 நவம்பர் 18 ஆம் திகதி பாராளுமன்றத்துக்குச் சென்ற பெண்கள் பொலிஸாரால் மானபங்கப்படுத்தப்பட்ட பின்னர், அப்பயிற்சியின் அவசியத்தை எவரும் கேள்விக்குட்படுத்தவில்லை. அவர்கள் உடைக்குள் மறைத்து வைத்திருந்த ஆயுதங்களுள் நம் நாட்டுப் பயில்வான்கள் சுழற்றும் கர்லாக்கட்டையின் ஆங்கில வடிவமும் ஒன்று என்பது சுவையான செய்தி.

சாந்திநிகேதனில் பயின்ற மாணவியருள் அமிதா சென் ஒருவர். இந்து, முஸ்லிம் மக்களின் ஒன்றிணைந்த ஆன்மிக மரபுகளை ஆராய்ந்த பேரறிஞர் க்ஷிதிமோகன் சென்னின் புதல்வி. தாகூரின் நாட்டிய நாடகங்களில் முக்கிய பாத்திரமேற்றவரும் அவரே. ஒரே பெண் காலையில் ஆசானைத் தோள்மேல் தூக்கி எறியவும் மாலையில் நளினமாக ஆடவும் முடியும் என்பதை அங்கிருந்தோர் கண்ணாரக் கண்டனர். வீரமும் நளினமும் ஓருடலில் குடியிருக்கா என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

1931 இல் மாணவ மாணவியரைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்று பொதுமேடையில் ஜூடோவை நிகழ்த்திக் காட்டினார் தாகூர். கூச்சத்தையும் அச்சத்தையும் உதறுமாறு அழைக்கும் பாடலொன்றையும் அதற்கெனவே இயற்றினார். நகரம் பார்த்தது, கைதட்டியது, அவ்வளவே. ஆசானின் சம்பளமும் செலவும் விசுவபாரதியின் மெலிந்த கருவூலத்தை அரித்தன. இவ்வாசானைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு கல்கத்தா மாநகராட்சியின் தலைவர்களிடம் கவிஞர் வேண்டினார், பலன் கிட்டவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் தகாகாகி சாந்திநிகேதனை விட்டு வெளியேறி, நேபாளத்திலும் ஆப்கானிஸ்தானத்திலும் கற்பிக்கலானார். உலகமே போற்றிய ஒரு மனிதரால், தம் நகரத்துப் பெற்றோரைக் கொண்டு ஒரு வகுப்பை நிலைநிறுத்த முடியவில்லை.

இலங்கைக்கு 1922, 1928, 1934 ஆகிய ஆண்டுகளில் மும்முறை வந்தவர் தாகூர். 1934 மே மாதம் மாணவ மாணவியர் குழுவுடன் வந்து, கொழும்பில் சாபமோசன் நாட்டிய நாடகத்தை மேடையேற்றினார், யாழ்ப்பாணத்துக்கும் சென்றார், ஹொரணையில் ஸ்ரீபாலி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார். அவ்வருகைக்குப் பின் நடனமும் இசையும் இந்நாட்டில் புத்துயிர் பெற்றன என்று நம் கலை வரலாற்றாசிரியர் எழுதுவர். கலையை நாம் ஏற்றுக்கொண்டோம். அதே பெண்பிள்ளைகளுக்கு அவர் கொடுக்க விரும்பிய மற்றைய வித்தையைக் கேட்டு வாங்க மறந்தோம்.

அதன் தேவை அன்றிலும் இன்று குறைவென்று எவரும் கூறார். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015 இல் நடத்தி 2017 இல் வெளிப்படுத்திய ஆய்வின்படி, இந்நாட்டுப் பெண்களில் 90 சதவீதத்தினர் பஸ்ஸிலோ புகையிரதத்திலோ பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருக்கின்றனர். பொலிஸாரின் உதவியை நாடியோர் 4 சதவீதத்தினர் மட்டுமே. காலி வீதியில் மாலை நேர பஸ்ஸில் நெரிபட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பும் மாணவிக்கும், புறக்கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்து செல்லும் கடைப் பணிப்பெண்ணுக்கும் இவ்வெண்கள் புதியன அல்ல. தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு 1995 முதல் பாலியல் தொல்லையைக் குற்றமாக்கியுள்ளது. குற்றம் செய்தவனைப் பிடிப்பது அரசின் கடமை. தற்காப்புப் பயிற்சியைக் காட்டி அக்கடமையைத் தட்டிக்கழிக்க இடமளிக்கலாகாது. பயிற்சி பெறாத பெண்மீது பழி சுமத்தவும் கூடாது. ஆனால் சட்டம் வந்து சேருமட்டும் உள்ள அந்தச் சில கணங்கள் அவளுக்கே உரியவை.

உடையையும் ஒழுக்கத்தையும் பற்றிய பெற்றோரின் கவலையை நாம் அலட்சியம் செய்யவில்லை. உஹதுக் களத்தில் வாளேந்தி நின்ற நுஸைபா அம்மையாரின் வரலாற்றை முஸ்லிம் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆப்கானிஸ்தான் முதன்முதலாக அனுப்பிய இரு பெண்களுள் ஃபரிபா ரெசாயி ஜூடோ வீராங்கனை. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் சவூதி அரேபியாவின் வொஜ்தான் ஷாஹெர்கானி தலையை மறைத்தே ஜூடோ களத்தில் இறங்கினார். தலையுறை கழுத்தை நெரிக்கும் என எழுந்த ஆட்சேபத்துக்கு, அதற்கேற்ற தொப்பியொன்றால் தீர்வு காணப்பட்டது. அவர் 82 விநாடிகளில் தோற்றார். ஆயினும் வழி திறந்துவிட்டது. பெண் பயிற்றுநர், மூடிய மண்டபம், தகுந்த உடை என்பன ஏற்பாடு செய்ய முடியாதவையல்ல. நம் பிரதேசத்துப் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை. வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, பெற்றோரைக் கூட்டிக் கேட்பதே தொடக்கம்.

தாகூர் 1941 ஆகஸ்ட் 7 ஆம் திகதி தாம் பிறந்த ஜொராசங்கோ மாளிகையிலேயே காலமானார். தகாகாகியிடம் பயின்ற அமிதா சென் 2005 வரை வாழ்ந்தார். 1933 இல் பிறந்த அவருடைய மகனுக்குப் பெயர் சூட்டியவர் தாகூரே. பொருளியலில் 1998 இல் நோபல் பரிசு பெற்ற அந்த அமர்த்தியா சென், 2021 இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்பில், தம் தாயார் ஜூடோ பயின்றதையும் மறவாது எழுதியிருக்கின்றார்.