பெஞ்சமின் ராபின்ஸ்

பெஞ்சமின் ராபின்ஸ் (1707 – ஜூலை 29, 1751) ஓர் ஆங்கிலேயக் கணிதவியலாளரும் படைப் பொறியாளரும் ஆவார். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்கும் எறியியல் ஊசலை உருவாக்கிய இவர், நவீன எறியியலின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் இறந்தார்.

இளமை

இங்கிலாந்தின் பாத் நகரில் வசதி குறைந்த குவேக்கர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். லண்டன் சென்று கணிதம் கற்பித்து வாழ்ந்தார். 1727 இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நியூட்டனின் நுண்கணித முறையைப் பெர்க்லி குறைகூறியபோது, 1735 இல் மறுப்பு நூல் எழுதினார். 1741 இல் தொடங்கப்பட்ட வுல்விச் படைக்கல்லூரியில் இவர் எதிர்பார்த்த பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. அதற்கென ஆயத்தம் செய்த பாடங்களை விரித்து, பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள் என்ற நூலாக 1742 இல் வெளியிட்டார்.

எறியியல் ஆய்வுகள்

இவருடைய ஊசலில் கனமான மரக்கட்டை ஒன்று தொங்கவிடப்பட்டிருக்கும். சுடப்படும் குண்டு அதில் புதைந்து கட்டையை அசைக்கும். அசைவின் அளவு, கட்டையின் எடை, குண்டின் எடை ஆகியவற்றைக் கொண்டு உந்த விதிப்படி குண்டின் வேகம் கணக்கிடப்படும். வெடிமருந்தின் அளவையும் குழலின் நீளத்தையும் மாற்றிச் சுட்டு, ஒவ்வொன்றும் வேகத்தை எவ்வாறு மாற்றுகிறது என ராபின்ஸ் அளந்தார். குண்டின் எடையில் பாதியளவு மருந்திட்ட மஸ்கட் துப்பாக்கியில் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,700 அடியாக இருந்தது. காற்றில்லாவிடில் இவ்வேகத்தில் செல்லும் குண்டு 17 மைல் வரை செல்லக்கூடும். உண்மையில் அது மிகக் குறைந்த தொலைவிலேயே விழுந்தது. காற்றுத்தடை புறக்கணிக்கத்தக்கது என்ற அக்காலக் கருத்து இதனால் தகர்ந்தது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தடை பெரிதும் கூடுவதையும் இவர் கவனித்தார்.

வழுவழுப்பான குழலில் குண்டு உரசி, தாறுமாறாகச் சுழல்வதே அது இலக்கிலிருந்து விலகக் காரணம் என்று கண்டார். முனை இடப்புறம் வளைந்த குழலிலிருந்து சுட்ட குண்டு, முதலில் இடப்புறம் சென்று பின் வலப்புறம் திரும்பியது. இவ்விளைவு பின்னர் மக்னசு விளைவு எனப் பெயர் பெற்றது. உட்புறம் திருகுவரி வெட்டிய ரைபிள் குழல், குண்டைச் செல்திசையை அச்சாகக் கொண்டு சுழலச் செய்து குறியைக் காக்கிறது என 1747 இல் விளக்கினார். ரைபிளை முதலில் முழுமையாக ஏற்கும் நாடு போரில் மேலோங்கும் என்றும் கணித்தார். 1746 இல் கோப்ளி பதக்கம் பெற்றார். ஆய்லர் இவரது நூலை விரிவான விளக்கங்களுடன் 1745 இல் செருமனில் வெளியிட்டார்.

தமிழகத்தில்

1746 இல் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்த சென்னை, 1749 இல் ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்தது. கோட்டைகளைப் பலப்படுத்த, கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்சைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது. 1750 இல் புனித டேவிட் கோட்டையை அடைந்த இவர், அதற்கும் சென்னைக்கும் அரண் திட்டங்கள் வகுத்தார். வந்த சில மாதங்களிலேயே காய்ச்சல் கண்டு மீண்டாலும், உடல்நலம் முழுமையாகத் தேறவில்லை. திட்டங்கள் நிறைவேறும் முன்பே 44 வயதளவில் இறந்தார். அக்கோட்டையை 1758 இல் பிரெஞ்சுப் படை கைப்பற்றி இடித்தது. அதன் சிதைவுகள் தேவனாம்பட்டினத்தில் உள்ளன.

தாக்கம்

பல நாடுகளில் இலக்குச் சுடும் போட்டியாளர்கள் தோட்டாக்களைத் தாமே நிரப்புகின்றனர். மருந்தைச் சிறுசிறு அளவாக மாற்றி, வேகத்தை மின்னணுக் கருவியால் அளந்து, வேகம் மிகக் குறைவாக வேறுபடும் அளவைத் தேர்கின்றனர். கருவி மாறினாலும், மருந்தை மாற்றி வேகத்தை அளக்கும் முறை ராபின்ஸ் வகுத்ததே. கல்லூரி இயற்பியல் ஆய்வகங்களில் உந்த அழியாமையை விளக்க எறியியல் ஊசல் இன்றும் பயன்படுகிறது.