வாடிய தொழில்நுட்பம், வாடாத சிந்தனை

தொழில் வளர்ச்சி குறித்து நாம் பேசும்போதெல்லாம் அதிநவீனம் என்னும் சொல் தவறாமல் இடம்பெறுகிறது. அதிநவீன ஆலை, அதிநவீன இயந்திரம், அதிநவீனச் சில்லு ஆகியவை வந்து சேர்ந்தால் புத்தாக்கமும் தானாகப் பின்தொடரும் என்பது பொதுவான நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்கு நேர் எதிரான வழியில் நடந்து, விலை மலிந்துபோன பழைய தொழில்நுட்பத்தைக் கொண்டே நிண்டெண்டோ என்னும் பெயரை உலகெங்கும் வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தவர்களுள் முதன்மையானவர் ஜப்பானின் குன்பே யோகோய். அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆனால், அவரது வாழ்க்கை எழுப்பும் கேள்வி இன்றைய தமிழ்நாட்டுக்கு மிகவும் பொருந்தக்கூடியது.

கல்லூரியில் பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவன் நான். தொழில்நுட்பத் தேர்வு என்னும் பாடம் வரும்போது ஷூமாக்கரின் இடைநிலைத் தொழில்நுட்பம் பற்றியும், உற்பத்தி முறைகளின் தேர்வு குறித்த அமர்த்தியா சென்னின் ஆய்வு பற்றியும் விளக்குவேன். கோட்பாடு மாணவர் மனத்தில் பதிய ஓர் எடுத்துக்காட்டு தேவைப்படும். அதற்கு நான் தேர்ந்தெடுத்தது யோகோயின் வாழ்க்கையைத்தான்.

யோகோய் 1941 செப்டம்பர் 10 அன்று கியோத்தோ நகரில் பிறந்தார். அங்குள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் பயின்றார். பெரிய நிறுவனங்களில் இடம் கிடைக்காத நிலையில், 1965இல் உள்ளூர் நிறுவனமான நிண்டெண்டோவில் வேலைக்குச் சேர்ந்தார். ஆவடியில் விஜயந்தா டாங்கிகள் உருவாகத் தொடங்கிய ஆண்டும் அதுவே. அம்பத்தூர் தொழிற்பேட்டை வளரத் தொடங்கியிருந்த காலம் அது. நிண்டெண்டோவோ அப்போது மின்னணு நிறுவனமே அல்ல. 1889 முதல் ஹனாஃபுடா என்னும் பூப்படச் சீட்டுக்கட்டுகளைத் தயாரித்து விற்றுவந்த குடும்ப நிறுவனம். சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பராமரிப்பதே யோகோயின் வேலை.

இயந்திரங்கள் ஒழுங்காக ஓடும்போது பராமரிப்புப் பணியாளருக்கு அதிக வேலை இராது. அந்த ஓய்வு நேரத்தில், குறுக்குச் சட்டங்களை இணைத்து, கைப்பிடியை அழுத்தினால் நீண்டு சென்று பொருளைப் பற்றும் ஒரு விளையாட்டுக் கருவியைத் தனக்காகச் செய்துகொண்டார். ஆலையைப் பார்வையிட வந்த தலைவர் ஹிரோஷி யமவுச்சியின் கண்ணில் அது பட்டது. வேலை நேரத்தில் விளையாட்டா என்று அவர் கடிந்துகொண்டிருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். மாறாக, அதை விற்பனைப் பொருளாக ஆக்கும்படி அவர் பணித்தார். அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் 1966இல் வெளிவந்த அந்தப் பொம்மை 10 லட்சத்துக்கு மேல் விற்றது. பராமரிப்புப் பணியாளர் பொருள் வடிவமைப்பாளர் ஆனார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அவர் செய்தவற்றை உற்றுநோக்கினால் ஒரே முறை தொடர்வதைக் காணலாம். சூரிய மின்கலத்தைப் பொம்மைத் துப்பாக்கியின் இலக்காக மாற்றினார். துப்பாக்கியிலிருந்து வரும் ஒளி மின்கலத்தில் பட்டால் இலக்கு வீழும். வேறொரு பயனுக்காகப் பிறந்து, பெருமளவில் உற்பத்தியாகி, விலை குறைந்துவிட்ட பொருளை எடுத்து, யாரும் எண்ணாத இடத்தில் பயன்படுத்துவதே அவரது வழி. வாடிய தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் சிந்திப்பது என்று அதற்கு அவர் பெயர் வைத்தார். வாடியது என்பதற்குப் பயனற்றது என்று பொருள் கொள்ளலாகாது. பூ வாடிய பிறகுதானே காய் முற்றுகிறது? தொழில்நுட்பத்துக்கும் அப்படி ஒரு பருவம் உண்டு. அதன் குறைகள் தெரிந்துவிட்டிருக்கும். பழுது நீக்கத் தெரிந்தவர்கள் பெருகியிருப்பார்கள். விலையும் அடிமட்டத்துக்கு வந்திருக்கும்.

1970களில் ஷார்ப், கேசியோ ஆகிய நிறுவனங்களுக்கிடையே மூண்ட கால்குலேட்டர் போட்டி இதற்குச் சரியான சான்று. அந்தப் போட்டியால் திரவப் படிகத் திரையும் கணக்கிடும் சில்லும் மிக மலிவாயின. புல்லட் ரயிலில் பயணம் செய்த ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டர் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததை யோகோய் கவனித்தார். அலுவலகம் செல்லும் பெரியவரும் கூச்சமின்றிக் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய சிறிய விளையாட்டுக் கருவி பற்றிய எண்ணம் அதிலிருந்து பிறந்தது. 1980இல் கேம் அண்ட் வாட்ச் வந்தது. அந்த வரிசையில் மொத்தம் 4 கோடிக்கும் அதிகமான கருவிகள் விற்றன.

அதே வரிசையில் 1982இல் வந்த டாங்கி காங் கருவிக்காகக் கூட்டல் குறி வடிவிலான ஒரு பொத்தானை அவர் வடிவமைத்தார். துருத்தி நிற்கும் கைப்பிடிக்கு மாற்றாக, கட்டைவிரலால் நான்கு திசைகளையும் இயக்க அது உதவியது. மடித்துச் சட்டைப் பையில் வைக்க வேண்டும் என்ற இடநெருக்கடியே அந்த வடிவத்தைத் தந்தது. மறு ஆண்டு, 1983இல், மசாயுகி உஎமுரா தலைமையிலான குழு ஃபேமிகாம் என்னும் வீட்டு வீடியோ கேம் பெட்டியை உருவாக்கியபோது அந்தப் பொத்தானையே ஏற்றுக்கொண்டது. அந்தப் பெட்டியின் மையச் சில்லும் 1975இல் வந்த வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டதே. உலகெங்கும் ஏறத்தாழ 6 கோடியே 19 லட்சம் பெட்டிகள் விற்றன.

யோகோயின் உச்சம் 1989இல் வந்த கேம் பாய். அவ்வாண்டே அட்டாரி நிறுவனம் லிங்க்ஸ் என்ற வண்ணத் திரைக் கருவியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு சேகாவின் கேம் கியர் வந்தது. கேம் பாய்க்கோ வண்ணமும் இல்லை, திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. ஆனால், அமெரிக்காவில் லிங்க்ஸின் விலை ஏறத்தாழ 180 டாலர். கேம் பாய் ஏறத்தாழ 90 டாலர். வண்ணக் கருவிகள் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரி நான்கைக் கொண்டு கேம் பாய் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. வாங்கும் செலவை மட்டுமின்றி வைத்திருக்கும் செலவையும் நுகர்வோர் கணக்கிடுகிறார் என்னும் பொருளியல் பாலபாடத்தை யோகோய் மறக்கவில்லை. கேம் பாயும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றன.

இந்தக் கொள்கை எப்போதும் வெல்லும் என்று சொல்வதற்கில்லை. 1995இல் அவர் உருவாக்கிய வெர்ச்சுவல் பாய், கண்ணருகே வைத்துப் பார்க்கும் முப்பரிமாணக் கருவி. அதிலும் மலிவான சிவப்பு ஒளியுமிழிகளைத்தான் பயன்படுத்தினார். சிவப்பும் கருப்பும் மட்டுமே தெரிந்த காட்சி, கண் வலி, தலைவலி குறித்த புகார்கள் ஆகியவற்றால் 10 லட்சத்தைக்கூட எட்டாமல் அது விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. பழைய தொழில்நுட்பம் மலிவாக இருந்தால் மட்டும் போதாது. எடுத்துக்கொண்ட பயனுக்கு அது பொருந்தவும் வேண்டும்.

1996 ஆகஸ்டில், 31 ஆண்டுப் பணிக்குப் பின் யோகோய் நிண்டெண்டோவை விட்டு விலகினார். தோல்விதான் காரணம் என்று ஊர் பேசியது. அவர் அதை மறுத்தார். கோட்டோ என்ற பெயரில் சிறிய நிறுவனத்தைத் தொடங்கி, பண்டாய் நிறுவனத்துக்காகப் புதிய கையடக்கக் கருவியின் பணியில் ஈடுபட்டார். 1997 அக்டோபர் 4 அன்று, இஷிகாவா மாவட்ட நெடுஞ்சாலையில் நேர்ந்த ஒரு சிறு மோதலைப் பார்க்கக் காரிலிருந்து இறங்கியபோது மற்றொரு வாகனம் மோதி உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 56. ஒரே ஒரு பேட்டரியில் ஓடும் அந்தக் கருவி, வொண்டர்ஸ்வான், 1999இல் வெளிவந்தது. அதற்கென வந்த ஒரு விளையாட்டுக்கு அவருடைய பெயரையே சூட்டினார்கள்.

அவர் மறைந்த பின் நிண்டெண்டோவின் தலைமுறைகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். 2001இல் வந்த கேம்கியூப், போட்டியாளர்களோடு ஆற்றலில் மல்லுக்கட்டியது. சுமார் 2 கோடியே 17 லட்சம் விற்றது. 2006இல் வந்த வீ, ஆற்றலில் பின்தங்கியது. ஆனால், கார்களின் காற்றுப்பை அமைப்புகளில் பயன்பட்டு மலிவாகியிருந்த அசைவுணரிகளைக் கைப்பிடியில் பொருத்தி, பாட்டி முதல் பேத்தி வரை அனைவரையும் ஆட்டத்துக்கு இழுத்தது. 10 கோடிக்கு மேல் விற்றது. 2017இல் வந்த ஸ்விட்ச், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அறிமுகமான சில்லைக் கொண்டு 15 கோடியைத் தாண்டியது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1990களில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி கடைவீதிகளிலும் வீடியோ கேம் பெட்டிகள் வந்து குவிந்தன. ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் என்று விளம்பரம் செய்யப்பட்ட அவற்றுள் பெரும்பாலானவை ஃபேமிகாமின் நகல்கள். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் மாரியோவை அறிந்தது அவற்றின் வழியாகத்தான். மலிவான பழைய தொழில்நுட்பம் நம் வீட்டு வாசலுக்கே வந்தது. ஆனால், அதைப் பிரித்துப் பார்த்து வேறொன்றாக ஆக்கும் சிந்தனை உடன் வரவில்லை. நகலெடுத்துக் கிடைக்கும் மலிவும் சிந்தித்துக் கிடைக்கும் மலிவும் விலைச்சீட்டில் ஒன்றுபோலத் தோன்றலாம். முன்னதில் லாபம் சுருங்கிக்கொண்டே போகும். பின்னதில் ஒரு பெயர் உருவாகும்.

ஆற்றல் நமக்கு இல்லாமலில்லை. மின்சாரம் எட்டாத கிராமத்திலும் பேட்டரியில் இயங்கும் நமது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம், எளிய மின்னணுவியலின் சிறந்த பயன்பாடு. பாரத் மின்னணு நிறுவனத்தில் அதன் உருவாக்கத்தில் பங்கேற்றவர் நம் எழுத்தாளர் சுஜாதா. மதுரையில் 1992இல் தொடங்கப்பட்ட ஆரோலேப், முன்பே அறியப்பட்டிருந்த கண் உள்விழி லென்ஸைக் குறைந்த விலையில் தயாரித்து, எளியோருக்கும் எட்டச் செய்தது.

வாடிய தொழில்நுட்பத்தை மட்டும் நம்பி ஒரு நாடு இருந்துவிட முடியுமா என்ற கேள்வி நியாயமானது. ஷார்ப் போன்ற நிறுவனங்கள் திரவப் படிகத் திரையில் முதலீடு செய்திராவிட்டால் யோகோய்க்கு மலிவுத் திரை கிடைத்திராது. எனவே, சில்லு ஆலைகளும் உயர் ஆய்வும் தேவையே. ஆனால், அவற்றுக்குப் பெருமூலதனம் வேண்டும். அதைத் திரட்டச் சிலரால்தான் இயலும். முற்றிய தொழில்நுட்பத்துக்கோ கவனமும் துணிவும் போதும். அவை பலரிடம் இருக்கின்றன.

மின்னணு ஏற்றுமதியில் இந்திய மாநிலங்களுள் தமிழ்நாடு முன்னணியில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி, பிறர் வடிவமைத்ததை நாம் இணைத்து அனுப்புவது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் பலவற்றிலும் இதே நிலைதான். பிறர் தரும் வரைபடத்தின்படி ஜாப் ஒர்க் நடக்கிறது. கூலியைப் பிறர் நிர்ணயிக்கிறார்கள். அதே பட்டறைகளில், வேலையை எளிதாக்கத் தாமாகவே ஒரு ஜிக்கையோ பிடிப்பானையோ செய்து வைத்திருக்கும் தொழிலாளர்களை, மாணவர்களோடு களப்பயணம் சென்றபோதெல்லாம் கண்டிருக்கிறேன். அந்தக் கருவிகள் பட்டறைச் சுவரைத் தாண்டுவதில்லை. அவற்றைக் கண்டு இது வேறெங்கு பயன்படும் என்று கேட்க யமவுச்சியைப் போல ஒருவர் அங்கு இல்லை.

இதற்குப் பெருந்திட்டங்கள் தேவையில்லை. தொழிற்பேட்டைச் சங்கங்கள் ஆண்டுக்கொரு முறை தொழிலாளர்கள் தாமே செய்த கருவிகளைக் காட்சிக்கு வைக்கலாம்; அவற்றுக்கு உரிமையும் ஊதியமும் தொழிலாளர் பெயரில் பதிவாக வேண்டும். பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி இறுதியாண்டு மாணவர்களுக்கு, பத்தாண்டு பழைய பாகங்களை மட்டும் கொண்டு, ஆயிரம் ரூபாய்க்குள், தம் தெருவின் ஒரு தொல்லையைத் தீர்க்கும்படி ஒரு செயல்திட்டம் கொடுக்கலாம். சீட்டுக்கட்டு ஆலையின் பராமரிப்புப் பணியாளருக்கு வாய்த்தது ஒரு வாய்ப்பும், அவரைக் கவனித்த ஒரு முதலாளியும்தான். அந்த இரண்டையும் இறக்குமதி செய்ய வேண்டிய நிலையில் நாம் இல்லை.